கார்த்திகை மழைக்கு ஏற்ற உடை

வடகீழ்ப் பருவமழை வலுக்கும் நவம்பரில், உப்புவெளியிலிருந்து திருகோணமலை நகருக்கு வேலைக்குச் செல்லும் எனக்கு, காலை வெயிலை நம்பி உடுத்திய தடித்த பருத்திச் சல்வார் பேருந்தை விட்டு இறங்கும்போது பிடித்த மழையில் முழங்கால்வரை நனைந்து, குளிரூட்டிய அறையில் மாலைவரை காயாமல் காலோடு ஒட்டிக்கொண்டிருப்பதே பெருந்தொல்லையாக இருந்தது.

பருத்தி நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் என்பதால், பொலியெஸ்டர் கலந்த மெல்லிய துணியில், கணுக்காலுக்கு 3 அங்குலம் மேலே நிற்கும் ஒடுங்கிய காற்சட்டை ஒன்றைத் தைப்பித்தேன். “கட்டையாகத் தெரியுமே, பிள்ளை” என்று தையற்கார அக்கா முகம் சுளித்தார். உடுத்திப் பார்த்தபின் அவரே கீழ்விளிம்பில் மெல்லிய கரை வைத்துத் தந்தார். மழை விட்டதும் எழும் புழுக்கத்துக்குச் செயற்கை இழை ஒத்துவராது என்பதால் மேலே பருத்திக் குர்த்தாவையே வைத்துக்கொண்டேன். துப்பட்டாவுக்குப் பதிலாக, அறைக் குளிருக்கென முன்திறந்த மெல்லிய மேற்சட்டை ஒன்று பையில் மடித்தபடி இருக்கிறது. சேறு தெரியாதிருக்கக் காற்சட்டை கருநீலம்.