பழைய மிலிட்டரி சைக்கிளை ரெஸ்டோர் பண்றது எப்படி? பெயிண்ட் கலரை எப்படி கண்டுபிடிக்கறது?

பழைய மிலிட்டரி சைக்கிள் ஒண்ணு கைக்கு வந்ததும் நிறைய பேர் பண்ற முதல் வேலை, எல்லாத்தையும் சுரண்டி எடுத்துட்டு கைக்கு கிடைச்ச பச்சையை அடிச்சு விடறது. தயவுசெஞ்சு அதை மட்டும் பண்ணாதீங்க. அந்த வண்டி எப்போ ஓடுச்சு, அப்புறம் யார் யார் மேல என்ன பூசினாங்கன்னு எல்லாம் அந்த பெயிண்ட் அடுக்குக்குள்ளதான் இருக்கு, சுரண்டிட்டா போனது போனதுதான்.

முதல்ல வண்டியை அப்படியே நிறுத்தி வெச்சு எல்லா பக்கமும் போட்டோ எடுங்க. சீட் ட்யூப், ஃபோர்க் எண்ட், பெடல் அச்சுக்கு அடிப்பக்கம், இங்கெல்லாம் ஃப்ரேம் நம்பர் குத்தியிருக்கான்னு தேடுங்க. பிரிட்டிஷ் ராணுவ வண்டின்னா மேல பார்த்த அம்பு மாதிரி ஒரு முத்திரை இருக்கலாம், அது அரசாங்கச் சொத்துன்னு அடையாளம். வருஷம் தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்ச மாதிரி. ஏன்னா சுவிஸ் ராணுவம் 1905-ல கொண்டுவந்த எம்.ஓ.05 மாடல் எண்பது வருஷத்துக்கு மேல தயாரிப்புல இருந்துச்சு, வெறும் மாடல் பேரை வெச்சு உங்க வண்டி எந்தக் காலத்துதுன்னு சொல்லிட முடியாது.

அடுத்தது பிரிக்கறது. இடது பெடலுக்கு மரை உல்டா, அதை மறந்து வழக்கம் போல திருகினா இன்னும் இறுகிடும். பிரிட்டிஷ் வண்டியில செயின் பக்கத்து பாட்டம் பிராக்கெட் கப்புக்கும் (பெடல் அச்சைத் தாங்கற மூடி) அதே உல்டா மரைதான். கிராங்கை, அதாவது பெடல் மாட்டற கையை, அச்சோட பிடிச்சிருக்கற ஆப்பு மாதிரியான காட்டர் பின்தான் எல்லாரையும் அழ வைக்கறது. முந்தின நாளே துரு இளக்கற ஆயில் விட்டு ஊறவிடுங்க, நட்டை பின்னோட நுனிக்கு சமமா வர்ற வரைக்கும் மட்டும் தளர்த்துங்க, கிராங்குக்கு அடியில ஒரு இரும்பு பைப்பை நிமிர்த்தி தரையில ஊனி முட்டு கொடுத்துட்டு ஒரே அடியா அடிங்க. முட்டு இல்லாம தட்டினா அடி பூரா உள்ள இருக்கற பேரிங் பால்ஸுக்குத்தான் போகும். பொடிப்பொடியா தட்டிட்டே இருந்தா பின் நசுங்கிடும், அப்புறம் ட்ரில் போட்டுத்தான் எடுக்கணும். ஒவ்வொரு பார்ட்டையும் தனித்தனி கவர்ல போட்டு பேர் எழுதி வைங்க, பால்ஸ் எந்தப் பக்கம் எத்தனைன்னும் எண்ணி எழுதிடுங்க.

இப்போ முக்கியமான விஷயம், கலர். வெளியே தெரியற பெயிண்டை நம்பாதீங்க. சீட் க்ளாம்ப் உட்கார்ற இடம், பிரேக் க்ளிப்புக்கு அடி, மட்கார்டுக்கு உள்பக்கம், கம்பெனி பேட்ஜுக்குப் பின்னாடி, இங்கதான் வெயில் படாத அசல் கலர் ஒளிஞ்சிருக்கும். அப்படி ஒரு இடத்துல 1000 நம்பர் வாட்டர் பேப்பரை சோப்புத் தண்ணில நனைச்சு கட்டைவிரல் நகம் அகலத்துக்கு வட்டமா மெதுவா தேய்ங்க. நடுவுல இரும்பு தெரியற வரைக்கும் போங்க, ஓரத்துக்கு வர வர அழுத்தத்தைக் குறைங்க. மரத்தை வெட்டினா தெரியற வளையம் மாதிரி ஒவ்வொரு பெயிண்ட் கோட்டும் தனித்தனியா தெரியும், வெளி வளையம் கடைசியா அடிச்சது, உள் வளையம் முதல்ல அடிச்சது. உலர்ந்த நிலைல மட்டும் தேய்க்காதீங்க, அந்தக் காலத்து பெயிண்ட்ல ஈயம் இருக்க வாய்ப்பு ஜாஸ்தி, மாஸ்க்கும் க்ளவுஸும் கண்டிப்பா போட்டுக்கோங்க.

இரும்பை ஒட்டினாப்ல செம்மண் கலர்ல ஒண்ணு தெரிஞ்சா அது பெரும்பாலும் ப்ரைமர், அதைப் பார்த்துட்டு அசல் கலர் பிரவுன்னு முடிவு பண்ணிடாதீங்க. ஆனா அதுக்கு மேல நிஜமாவே ஒரு பிரவுன் இருந்தா சந்தோஷப்படுங்க. இரண்டாம் உலகப்போர் ஆரம்பத்துல பிரிட்டிஷ் ராணுவம் காக்கி கிரீன் 3-னு ஒரு பச்சையைத்தான் அடிச்சிட்டு இருந்தாங்க, பச்சை நிறமிக்கு தட்டுப்பாடு வந்ததும் 1942 வாக்குல எஸ்.சி.சி. 2-ங்கற பிரவுனுக்கு மாறினாங்க (எஸ்.சி.சி.-ன்னா ராணுவ மறைப்பு நிறங்களோட வரிசை), அப்புறம் 1944-ல அமெரிக்க வண்டிகளோட ஒத்துப்போற மாதிரி எஸ்.சி.சி. 15 ஆலிவ் ட்ராப்-ங்கற மங்கலான பச்சை வந்துச்சு. அதனால பாராட்ரூப்பர் வீரர்களுக்காக பி.எஸ்.ஏ.-ங்கற பிரிட்டிஷ் கம்பெனி செஞ்ச மடக்கு சைக்கிள்ல பிரவுன் கிடைச்சா அது தப்பான கலர் கிடையாது, அந்த வருஷத்து கலரே அதுதான்.

அசல் பெயிண்ட் பாதிக்கு மேல நல்லா இருந்தா புதுசா அடிக்கவே வேண்டாம்ங்கறது என் கருத்து. கீறலும் தேய்மானமும் இருந்தா இருக்கட்டும். துருவை மட்டும் நிறுத்திட்டு மேல மெல்லிசா மெழுகு பூசி விடுங்க. துருப்பிடிச்ச சின்ன பார்ட்ஸை ஆக்ஸாலிக் ஆசிட் கலந்த தண்ணில ஊற வைக்கலாம், விஷம்ங்கறதால க்ளவுஸ் போட்டு காத்தோட்டமான இடத்துல பண்ணுங்க, எடுத்ததும் நல்லா கழுவி உடனே காயவெச்சு எண்ணெய் தடவிடணும், இல்லேன்னா திரும்ப துரு ஏறிடும்.

அடிச்சே ஆகணும்னா கலரை போன் போட்டோவை வெச்சு மேட்ச் பண்ணாதீங்க. பழைய மிலிட்டரி வண்டிகளுக்குன்னே பெயிண்ட் கலக்கித் தர்றவங்க இருக்காங்க, அவங்ககிட்ட கலர் பேரையும் நம்பரையும் சொல்லி வாங்கி, ஒரு தகரத் துண்டுல அடிச்சு முழுசா காய விட்டு, க்ளாம்ப்புக்கு அடியில கிடைச்ச அசல் கலர் பக்கத்துல பகல் வெளிச்சத்துல வெச்சுப் பாருங்க. ஈரத்துல ஒரு மாதிரியும் காய்ஞ்சப்புறம் வேற மாதிரியும் இருக்கும். போர்க்கால வண்டிக்கு பளபளப்பு வேண்டாம், பெரும்பாலும் மேட் ஃபினிஷ்தான் சரி, மிலிட்டரி வண்டி மினுங்கினா தூரத்துல இருந்தே எதிரி கண்ணுல படும்ல.

பெயிண்டை எடுக்க கெமிக்கல் ஸ்ட்ரிப்பர் போதும், மெல்லிசான ட்யூப் மேல வேகமா மணல் பீய்ச்ச விடாதீங்க. மரை, பேரிங் உட்கார்ற இடம் எல்லாத்தையும் டேப் ஒட்டி மூடிட்டு ப்ரைமரும் கலரும் மெல்லிசா ரெண்டு ரெண்டு கோட் அடிங்க. ஃப்ரேம் நம்பர் குத்தின இடத்துல பட்டி போட்டு நிரப்பிடாதீங்க, அங்க பெயிண்டும் ரொம்ப லேசா இருக்கணும். நீங்க தேய்ச்சுப் பார்த்த அந்த நகம் அகல வட்டம் சீட் க்ளாம்ப்புக்கு அடியில இருந்தா, அது மேல மட்டும் பெயிண்ட் படாம டேப் ஒட்டி அப்படியே விட்டுடுங்க, பின்னாடி இந்த வண்டியை வாங்கறவங்களுக்கு நீங்க ஏன் இந்தக் கலரை எடுத்தீங்கன்னு பார்த்ததும் புரியும்.