பேனியர் பையைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள்

சைக்கிளில் நெடும்பயணம் போக ஆசைப்படுகிறவர்கள் முதலில் வாங்குவது பெரும்பாலும் பையைத்தான். கேரியரின் இருபுறமும் தொங்கும் பேனியர் பைகளைப் படத்தில் பார்த்தாலே பாதி தூரம் போய்விட்டது போல இருக்கும். நானும் அப்படித்தான் வாங்கினேன். நிறம் பிடித்திருந்தது, பாக்கெட்டுகள் நிறைய இருந்தன, 50 லிட்டர் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். பையின் முதுகுப்பக்கத்தை வீட்டுக்கு வந்த பிறகுதான் பார்த்தேன். மேலே பூட்டு இல்லாத இரண்டு கொக்கிகள், கீழே ஒரு எலாஸ்டிக் கயிறு, அதன் நுனியில் வளைந்த கம்பி. அவ்வளவுதான். மூன்றாம் நாள் ஓர் இறக்கத்தில் சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறியதும் இடப்பக்கப் பை எம்பிக் கழன்றது. எலாஸ்டிக் மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டதால் பை தரையில் இழுபட்டு வந்தது. கடைசியில் அந்தக் கயிறே ஸ்போக் கம்பிகளில் சுற்றிக்கொண்டது. பின்சக்கரம் நின்றுவிட்டது. நான் நிற்கவில்லை.

பேனியர் வாங்குவதில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை பையின் முதுகில்தான் இருக்கின்றன. விளம்பரப் படத்தில் அந்தப் பக்கம் தெரியாது.

கொக்கியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் மற்ற எதுவும் இதற்குப் பிறகுதான். கேரியர் குழாய்கள் எல்லாம் ஒரே பருமனில் வருவதில்லை. 8 மில்லிமீட்டரில் மெலிந்ததும் உண்டு, 16 மில்லிமீட்டரில் தடித்ததும் உண்டு. பெரிய குழாய்க்கான கொக்கியைச் சிறிய குழாயில் மாட்டினால் பை விழாது, ஆனால் ஒவ்வொரு குலுக்கலுக்கும் ‘டக் டக்’ என்று அடித்துக்கொண்டே வரும். அந்தச் சத்தம் எரிச்சல் மட்டும் என்று நினைக்க வேண்டாம். கொக்கி தேய்கிறது, கேரியரின் பெயின்ட் உரிகிறது, எஃகுக் கேரியராக இருந்தால் உரிந்த இடத்தில் துருவும் பிடிக்கிறது. நல்ல பைகளில் இந்த இடைவெளியை அடைக்கச் சின்னச் சின்ன பிளாஸ்டிக் செருகிகள் கூடவே வரும். பலர் அவற்றைப் பெட்டியோடு சேர்த்துக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள்.

அடுத்தது பூட்டு. கைப்பிடியை இழுத்தால் திறந்து, விட்டால் குழாய்க்கு அடியில் தானே மூடிக்கொள்ளும் வகைதான் எனக்கு நம்பிக்கை. சோதிப்பது எளிது: பையை மாட்டிவிட்டு, கைப்பிடியைத் தொடாமல் அடிப்பக்கத்தில் கை கொடுத்து மேலே தள்ளுங்கள். கையோடு வந்தால் பள்ளத்திலும் வரும். கீழே எலாஸ்டிக்குக்குப் பதிலாக, கேரியரின் காலுக்குப் பின்னால் போய் நிற்கும் கெட்டியான நாக்கு ஒன்று இருக்க வேண்டும். திருப்பங்களில் பை வெளிப்பக்கம் வீசாமல் பார்த்துக்கொள்வது அதுதான். அதை உங்கள் கேரியருக்கு ஏற்றபடி நகர்த்திப் பொருத்த வேண்டும். கடையிலிருந்து வந்த நிலையிலேயே விட்டுவிட்டால் காலில் படாமல் சும்மா தொங்கும்.

குதிகால் இடிப்பதைப் பற்றி யாரும் முன்கூட்டியே யோசிப்பதில்லை. பெடல் கைகள் சுற்றும் நடு அச்சுக்கும் பின்சக்கர அச்சுக்கும் இடையிலான தூரம் பயணத்துக்கென்றே செய்த சைக்கிள்களில் 450 மில்லிமீட்டரைச் சுற்றி இருக்கும். சர்லி நிறுவனத்தின் லாங் ஹால் டிரக்கரில் அது 460. பந்தய சைக்கிளில் 410 அளவில்தான். இந்த நான்கைந்து சென்டிமீட்டர் வித்தியாசம் ஒவ்வொரு சுற்றுக்கும் உங்கள் குதிகாலில் தெரியும். பாதம் பெரியவர்களுக்குத் தொல்லை இன்னும் அதிகம். முன் கீழ்மூலை சாய்வாக வெட்டப்பட்ட பையாகப் பாருங்கள். பயணத்தில் போடப்போகும் அதே ஷூவோடு, பைக்குள் எதையாவது திணித்து உப்பவைத்து, பெடலைப் பின்னோக்கிச் சுற்றிப் பாருங்கள். இடித்தால் கொக்கிகளை நகர்த்திப் பையைப் பின்னால் தள்ளலாம். ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. சுமை சக்கர அச்சைத் தாண்டிப் பின்னால் போகப் போக, சைக்கிளின் தலை லேசாகி வால் ஆட்டம் காட்டும்.

பை தாங்கும், கேரியர் தாங்குமா? பல கேரியர்களின் மேலேயே எவ்வளவு கிலோ என்று பொறித்திருப்பார்கள். 25 கிலோ என்பது சாதாரணமாகப் பார்க்கக்கூடிய எண். டூபஸ் கார்கோ போன்ற எஃகுக் கேரியர் 40 கிலோ வரை தாங்கும். இந்தக் கணக்கில் பையின் சொந்த எடையும், மேலே கட்டும் கூடாரமும், தண்ணீரும் எல்லாம் அடக்கம் என்பதை மறந்துவிடுகிறோம். சீட் கம்பியில் மட்டும் கவ்விப் பிடிக்கும் கேரியர் இந்த வேலைக்கே ஆகாது. பக்கவாட்டுத் தாங்கல் இல்லாததால் பை நேராகச் சக்கரத்துக்குள் சாயும். டிஸ்க் பிரேக் இருந்தால் பிரேக்கும் கேரியர் காலும் முட்டிக்கொள்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

லிட்டர் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு: பெரிய பை வாங்காதீர்கள். காலி இடம் காலியாக இருக்காது. பின்பக்கத்துக்கு ஜோடி 40 லிட்டர், முன்பக்கமும் வேண்டுமென்றால் ஜோடி 25 லிட்டர், இது கூடாரத்தோடு போகிறவருக்கே போதும். அறையெடுத்துத் தங்குகிறவருக்கு முன்பை ஜோடியே பின்னால் போதுமானதாக இருக்கும். எடுத்துப்போக நினைப்பதையெல்லாம் ஓர் அட்டைப்பெட்டியில் அடுக்கி, நீள அகல உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் லிட்டர் வந்துவிடும். பை வாங்கிய பிறகு இதைச் செய்து பிரயோஜனமில்லை.

எல்லாச் சுமையையும் பின்னாலேயே ஏற்றுவது அதனோடு சேர்ந்த தவறு. ஆளின் எடையில் பெரும்பங்கு ஏற்கெனவே பின்சக்கரத்தின் மேல்தான். அதற்கு மேல் இருபது கிலோ ஏற்றினால் ஸ்போக் கம்பி ஒவ்வொன்றாக அறலாம், அதுவும் செயின் இருக்கும் பக்கத்தில், பல்சக்கரத்தைக் கழற்றாமல் மாற்ற முடியாத இடத்தில். கனமானவற்றை முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் இருபுறமும் தாழ்வாகத் தொங்கவிட்டால் வண்டி நிதானப்படும். ஆனால் இடம் வலம் எடை ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும், வித்தியாசம் ஹேண்டில்பாரில் உடனே தெரியும். ஃபோர்க்கில் கேரியர் மாட்டத் துளையே இல்லாவிட்டால், குறிப்பாக அது கார்பன் ஃபோர்க்காக இருந்தால், முன்பை ஆசையை விட்டுவிடுங்கள்.

இனி மழை. ஹார்ட்முட் ஓர்ட்லீப் என்ற ஜெர்மானியர் இங்கிலாந்தில் மழையில் நனைந்துகொண்டே சைக்கிள் ஓட்டியபோது, லாரிகளின் தார்ப்பாயைப் பார்த்துத்தான் அதே துணியில் பை செய்யும் யோசனை வந்தது என்பார்கள். 1982-இல் அவர் தொடங்கிய நிறுவனத்தின் பைகளைத்தான் இன்று நெடுவழிகளில் அதிகம் பார்க்கிறோம். அவற்றில் முக்கியம் துணி மட்டுமல்ல, தைக்காமல் சூட்டில் ஒட்டிய இணைப்பும்தான். எவ்வளவு உசத்தியான துணியானாலும் ஊசி போன ஒவ்வொரு துளையும் ஒரு வாசல். வாயைச் சுருட்டி மூடும் பையில் குறைந்தது மூன்று சுற்று சுருட்ட வேண்டும். வாய்வரை திணித்துவிட்டு ஒரே சுற்றில் மூடிவிட்டு ‘தண்ணீர் புகுந்துவிட்டது’ என்று பையைத் திட்டுவது நியாயமில்லை. தூசியையும் தண்ணீரையும் எவ்வளவு தடுக்கும் என்று காட்டும் ஐபி64 என்ற குறியில் கடைசி 4 தெறிக்கும் தண்ணீருக்குத்தான் உத்தரவாதம். ஆற்றில் முக்குவதற்கு இல்லை.

இதனால் துணிப்பை மட்டம் என்று சொல்ல வரவில்லை. ஒட்டிய பைக்குள் ஈரச்சட்டையை வைத்தால் மறுநாள் திறக்கும்போது மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டியிருக்கும். துணிப்பை மூச்சுவிடும், கிழிந்தால் எந்த ஊரிலும் ஊசி நூல் கிடைக்கும். உள்ளே ஒரு கெட்டியான பிளாஸ்டிக் உறை போட்டுக்கொண்டால் மழைக்கும் போதும். வெளியே மாட்டும் மழை உறையை மட்டும் முழுதாக நம்பாதீர்கள். அது பையின் முகத்தை மூடும், முதுகை மூடாது. சக்கரம் சேற்றுத்தண்ணீரை அள்ளி அடிப்பதோ முதுகில்தான்.

சில்லறை விஷயங்கள் சில. கொக்கியும் திருகும் தனியாகக் கிடைக்காத பையை வாங்க வேண்டாம். பை மாட்டிய பிறகு பின்விளக்கு மறைகிறதா என்று பின்னால் பத்தடி தள்ளி நின்று பாருங்கள். நான்கு பையையும் கழற்றிக்கொண்டு ஒருமுறை மாடிப்படி ஏறிப் பாருங்கள். மூன்றாவது மாடியில் அறை கிடைக்கும் இரவுக்கு முன்பே தோள்பட்டியின் அருமை தெரிந்துவிடும்.

கடைக்குப் போகும்போது சைக்கிளையும் உருட்டிக்கொண்டு போங்கள். இரண்டாவது ஜோடியை நான் அப்படித்தான் வாங்கினேன். பையை மாட்டி, கடைக்காரர் கண்ணெதிரே அடியில் கை கொடுத்து ஓங்கித் தள்ளினேன். ‘பார்த்து, பார்த்து’ என்று பதறி ஓடிவந்தார். பை அசையவில்லை, சைக்கிள்தான் தரையை விட்டு எழும்பியது.