பழைய மரப்படகைச் சீரமைக்கும் முறை

தூத்துக்குடிப் பக்கம் பழைய மோட்டார் படகொன்றை வாங்கி மதுரைக்குக் கொண்டுவந்து செப்பனிட விரும்புவோர், பெயின்டின் பளபளப்பைப் பார்த்து விலை பேசாமல், முதலில் அடிப்பலகைகளைச் சோதிக்க வேண்டும். படகின் அடியில் முதுகெலும்புபோல் நீளும் கட்டையான ஏராவை ஒட்டிய பகுதியில் திருப்புளியின் முனையை மெல்ல அழுத்திப் பாருங்கள். நல்ல மரம் எதிர்த்து நிற்கும், உளுத்த மரத்திலோ நனைந்த அட்டையில் இறங்குவதுபோல் முனை இறங்கிவிடும்.

வைகை ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடப்பதால், நம் பக்கத்தில் படகு தண்ணீரைவிடக் கரையில்தான் அதிக நாள் இருக்கும். சித்திரை வெயிலில் பலகைகள் சுருங்கி, இடுக்குகள் நகம் நுழையும் அளவுக்குத் திறந்துகொள்ளும். அதைக் கண்டு அஞ்சி, இறுகிக் கல்லாகும் பசையால் இடுக்குகளை அடைத்துவிடுவது பெரும்பிழை. மரம் மீண்டும் நீரில் ஊறி உப்பும்போது இடமில்லாமல் பலகையே ஆணியிலிருந்து விலகும். இடுக்குகளில் அடைத்திருக்கும் பழைய பஞ்சை நீக்கி, புதிய பருத்தித் திரியை மிதமாக அடித்து, இளகிய மக்கு பூசி, கீற்றுக் கொட்டகை நிழலில் ஈரச் சாக்கு போர்த்தி வையுங்கள். நீரில் இறக்கிய முதல் ஓரிரு நாள் கசிவு இருக்கவே செய்யும். பம்பு அருகிலேயே இருக்கட்டும்.

கடலில் ஓடிய படகில், புரொப்பெல்லர் தண்டருகே, அரிப்பைத் தான் ஏற்று மற்ற உலோகங்களைக் காக்கும் துத்தநாகக் கட்டி இருக்கும். நன்னீரில் அது சரிவரச் செயல்படாது என்பதால் மக்னீசியக் கட்டியைப் பொருத்துங்கள். ஓட்டாத மாதங்களில் டீசல் தொட்டியை நிரப்பியே வைத்தால், உள்ளே ஈரம் படிவது குறையும்.