‘ஃபலேஷஸ்லி’: எங்கே போடலாம், எங்கே கூடாது

அகராதியில் ‘ஃபலேஷஸ்லி’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ‘தவறாக’ என்று பொருள் பார்த்துவிட்டு, கண்ட இடத்தில் எல்லாம் அதைப் போடுகிறவர்கள் உண்டு. நானும் போட்டவன்தான். கல்லூரியில் ‘வேறு அறையைத் தவறுதலாகப் பூட்டிவிட்டேன்’ என்று சொல்ல இதை எழுதி, ஆசிரியரிடம் சிவப்பு மைச் சுழி வாங்கினேன். பூட்டும் கைக்கு இந்தச் சொல் பொருந்தாது. ஏன் என்று படிப்படியாகப் பார்ப்போம்.

படி 1: வாயில் வரவழையுங்கள்

எழுத்துகள் பன்னிரண்டு: எஃப், ஏ, எல், எல், ஏ, சி, ஐ, ஓ, யூ, எஸ், எல், ஒய். அழுத்தம் ‘லே’யில் விழ வேண்டும்: ஃப-லே-ஷஸ்-லி. இதன் பெயர்ச்சொல் ‘ஃபேலஸி’. அதில் அழுத்தம் முதல் அசைக்குப் போய்விடும். நடுவில் ‘ஃபலேஷஸ்’ என்ற பெயரடை இருக்கிறது. அதோடு ‘லி’ சேர்ந்ததே நம் வினையடை.

வேர், ‘ஏமாற்று’ என்று பொருள்படும் ‘ஃபல்லெரே’ என்ற லத்தீன் வினை. ‘ஃபால்ஸ்’, ‘ஃபெயில்’, ‘ஃபால்ட்’ மூன்றும் அதே வீட்டுப் பிள்ளைகள்.

படி 2: பொருளைச் சரியாகப் பிடியுங்கள்

இங்கேதான் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். ஒரு கணக்கு போடுவோம். 16/64 என்ற பின்னத்தைச் சுருக்க வேண்டும். ஒரு பையன் மேலே உள்ள 6-ஐயும் கீழே உள்ள 6-ஐயும் அடித்துவிட்டு 1/4 என்று எழுதுகிறான். விடை சரி! ஆனால் அப்படி இலக்கத்தை அடிக்க எந்த விதியும் இல்லை. அதே வேலையை 12/24-இல் செய்து 2-களை அடித்தால் 1/4 வரும். சரியான விடை 1/2.

முதல் கணக்கில் அவன் விடையை ‘ராங்லி’ சொன்னான் என்று சொல்ல முடியாது. ‘ஃபலேஷஸ்லி’ கண்டுபிடித்தான் என்று தாராளமாகச் சொல்லலாம். இந்தச் சொல் குறை சொல்வது போய்ச் சேர்ந்த ஊரை அல்ல, போன வழியை. முடிவு மெய்யாக இருந்தாலும் அதற்குக் காட்டிய காரணம் ஓட்டையாக இருந்தால் இந்தச் சொல் பொருந்தும்.

தமிழில் எப்படிச் சொல்வது? ‘பிழையான தர்க்கத்தின்படி’ என்பது ஓரளவு சரியாக வரும். பழைய சொல்லும் நம்மிடம் உண்டு. மணிமேகலையின் 29-ஆம் காதை பக்கப்போலி, ஏதுப்போலி, திட்டாந்தப்போலி என்று வாதப் பிழைகளை வகை பிரிக்கிறது. ஏது என்றால் காரணம். காரணம்போலத் தோன்றிக் காரணமாகாதது ஏதுப்போலி. ‘ஃபேலஸி’க்கு இதைவிட அழகான சொல் எனக்குத் தோன்றவில்லை.

படி 3: ஒரு கேள்வியால் சலியுங்கள்

‘இந்த வாக்கியத்தில் யாராவது ‘எனவே’ போடுகிறார்களா?’ அவ்வளவுதான் கேள்வி. வாதம், ஊகம், முடிவு ஏதாவது இருந்தால் போடலாம். பொத்தானை மாற்றி அமுக்கியதற்கு ‘மிஸ்டேக்கன்லி’. செய்யாத குற்றத்தை ஒருவர்மேல் சுமத்தினால் ‘ஃபால்ஸ்லி அக்யூஸ்ட்’.

படி 4: வாக்கியத்தில் உட்கார வையுங்கள்

வினைக்குப் பின்னால் வரலாம்: ‘ஹீ ஆர்க்யூட் ஃபலேஷஸ்லி.’ அவர் வாதிட்ட முறையில் ஓட்டை இருந்தது. வினைக்கு முன்னாலும் வரலாம். பின்னால் ‘தட்’ வரும் நீள வாக்கியங்களுக்கு அதுதான் வசதி. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையையே எழுதிப் பார்ப்போமே: ‘தே ஃபலேஷஸ்லி கன்க்லூடட் தட் த க்ரோ மேட் த ஃப்ரூட் ஃபால்.’ முன்னே நடந்ததாலேயே அது காரணம் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

‘ரீஸன்’ (தர்க்கம் செய்), ‘அஸ்யூம்’ (அப்படித்தான் என்று வைத்துக்கொள்), ‘இன்ஃபர்’ (ஊகித்து அறி) ஆகிய வினைகளும் இதற்கு நல்ல துணை.

படி 5: பக்கத்து வீட்டுச் சொற்கள்

‘இல்லாஜிக்கலி’ என்றால் தர்க்கமே இல்லாமல். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவது மாதிரி. ‘ஸ்பீஷஸ்லி’யில் மேற்பூச்சு அதிகம்: கேட்கும்போது நியாயமாகவே தோன்றும், கிட்டப் போனால்தான் உள்ளே ஒன்றும் இல்லை என்று தெரியும்.

ஒரு எச்சரிக்கை. பெயர்ச்சொல்லான ‘ஃபேலஸி’ பேச்சு ஆங்கிலத்தில் நெகிழ்ந்துவிட்டது. பலர் நம்பும் தப்பான கருத்து எதையும் அப்படிச் சொல்கிறார்கள். வினையடை பெரும்பாலும் பழைய கறாரிலேயே இருக்கிறது. அதோடு இது கட்டுரைக்கும் விவாத மேடைக்கும் உரிய சொல். நண்பரிடம் ‘தட் டஸ்ன்ட் ஃபாலோ’ (அதிலிருந்து இந்த முடிவு வராது) என்றால் போதும். ‘ஃபலேஷஸ்லி’ என்றால் ஒரு மாதிரி பார்ப்பார்.

படி 6: பழகிப் பாருங்கள்

போடலாமா, கூடாதா?

‘பேருந்து எண்ணைத் தவறாகப் படித்து வேறு வண்டியில் ஏறினேன்.’ கூடாது. கண் செய்த பிழை இது.

‘தாத்தா பீடி குடித்தும் தொண்ணூறு வயது வரை இருந்தார், எனவே புகையால் கெடுதல் இல்லை என்று வாதிட்டான்.’ தாராளமாக. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது ஒரே பானையில் சேர்ந்து வெந்த சோற்றுக்குத்தான் செல்லும்.

‘நீளமான சொல் போட்டவனுக்கு முதல் மதிப்பெண் வந்தது, எனவே நானும் போட்டால் எனக்கும் வரும் என்று நினைத்தேன்.’ இதற்கும் போடலாம். சிவப்பு மைச் சுழி வாங்கிய அன்று நான் நினைத்தது இதுதான்.