சி மொழியில் ஓர் எல்லைக்குள் சமவாய்ப்பு முழு எண்களைப் பெறுவது எப்படி?

சி மொழியின் நிலையான நூலகத்திலுள்ள ராண்ட் என்னும் செயற்கூறு, ஒவ்வொரு அழைப்பிலும் 0 முதல் ராண்ட்_மேக்ஸ் வரையிலான ஒரு முழு எண்ணைத் தருகிறது. அந்த உச்ச மதிப்பு 32767-க்குக் குறையாது என்பதே தரநிலை அளிக்கும் உறுதி. இதை நாம் விரும்பும் எல்லைக்குள் கொண்டுவர, மேல் எல்லையிலிருந்து கீழ் எல்லையைக் கழித்து ஒன்றைக் கூட்டி, அத்தொகையால் ராண்ட் தந்த எண்ணை வகுத்து, கிடைக்கும் மீதியுடன் கீழ் எல்லையைக் கூட்ட வேண்டும். 5 முதல் 14 வரை வேண்டுமெனில், 10-ஆல் வகுத்த மீதியுடன் 5-ஐக் கூட்டுகிறோம். அந்த ஒன்றைக் கூட்ட மறந்தால் 14 ஒருபோதும் வராது. தொடக்கநிலையினர் பலர் தடுமாறும் இடம் இதுவே.

எண்வரிசை எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் வித்தெண்ணை எஸ்ராண்ட் என்னும் செயற்கூறு மூலம் தராவிட்டால், நிரல் ஒவ்வொரு முறையும் அதே எண்வரிசையையே தரும். வழக்கமாகத் தற்போதைய நேரத்தை வித்தாகக் கொடுப்பர். இதை நிரலின் தொடக்கத்தில் ஒரே முறை செய்ய வேண்டும். மடக்குக்குள் வைத்தால், ஒரே வினாடிக்குள் நிகழும் சுற்றுகள் அனைத்தும் ஒரே எண்ணைத் தரக்கூடும்.

மீதி முறையில் நுட்பமான ஒருபக்கச் சார்பும் உண்டு. ராண்ட்_மேக்ஸ் 32767 எனில் சாத்தியமான மதிப்புகள் 32768. 10000-ஆல் வகுக்கும்போது 0 முதல் 2767 வரையிலான மீதிகள் நான்கு வழிகளிலும், மற்றவை மூன்று வழிகளிலும் மட்டுமே கிடைக்கின்றன. சிறிய எல்லைகளில் இவ்வேறுபாடு புலப்படாது. எனினும், துல்லியம் தேவைப்படும் இடத்தில், இந்த எடுத்துக்காட்டில் 30000-உம் அதற்கு மேலும் வரும் எண்களைப் புறக்கணித்து மீண்டும் ராண்டை அழைப்பதே சரியான வழி. கடவுச்சொல் போன்ற பாதுகாப்புப் பணிகளுக்கு ராண்டைப் பயன்படுத்தவே கூடாது. இயக்க முறைமை அதற்கென வழங்கும் வசதியையே நாட வேண்டும்.