கார்ல ஹாம் ரேடியோ மாட்டுறது எப்படி: பேட்டரில இருந்து ஆன்டெனா வரைக்கும்

2016 டிசம்பர்ல வார்தா புயல் அடிச்சப்பவும் சரி, 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்பவும் சரி, நம்ம வடசென்னைல முதல்ல கரண்ட் போச்சு, அப்புறம் செல்போன் சிக்னல் போச்சு, ரெண்டு தெரு தள்ளி இருக்கிற சொந்தக்காரங்க எப்படி இருக்காங்கன்னு கேக்கக்கூட வழியில்ல. வாசல்ல நிக்கிற கார்ல ஒரு பேட்டரி இருக்கு, அதை சார்ஜ் பண்ண எஞ்சினும் இருக்கு. அதுல ஒரு ஹாம் ரேடியோவை (லைசன்ஸ் வாங்கி பொழுதுபோக்கா பேசவும் கேக்கவும் வெச்சுக்கிற ரேடியோ, சுருக்கமா செட்டுன்னு சொல்லுவோம்) ஒழுங்கா மாட்டிட்டா டவரே இல்லாம ஊருக்குள்ள பேசலாம். ஒழுங்கா மாட்டுறதுலதான் விஷயமே இருக்கு. நிறைய பேர் செட்டுக்கு காசை கொட்டிட்டு வயரையும் ஆன்டெனாவையும் கடைசில கிடைச்சதை வாங்கி மாட்டிடுறாங்க, அது தலைகீழ் வேலைங்க.

முதல்ல லைசன்ஸ். மத்திய தொலைத்தொடர்பு துறைல டபிள்யூ.பி.சி.ன்னு ஒரு பிரிவு இருக்கு, அவங்க நடத்துற பரீட்சை பாஸ் பண்ணி கால்சைன் (ரேடியோல உங்களை அடையாளம் சொல்ற எழுத்தும் எண்ணும்) வாங்கினப்புறம்தான் மைக் பட்டனை அமுக்கணும். ரெஸ்ட்ரிக்டட், ஜெனரல்னு ரெண்டு கிரேடு இருக்கு, உங்க கிரேடுக்கு எத்தனை வாட் வரைக்கும் அனுமதி, வண்டில வெச்சு இயக்கலாமான்னு லைசன்ஸை படிச்சு பாத்துட்டு அதுக்கு ஏத்த செட் வாங்குங்க. பில்லை பத்திரமா வைங்க, லைசன்ஸ் காப்பி ஒண்ணு டேஷ்போர்டுல கிடக்கட்டும், ஹார்பர் பக்கம் வண்டி ஓட்டுறவங்களுக்கு இது ரொம்ப முக்கியம்.

ஆரம்பத்துக்கு 2 மீட்டர் பேண்ட் செட் ஒண்ணு போதும், நம்ம நாட்டுல அது 144ல இருந்து 146 மெகாஹெர்ட்ஸ். 25 வாட் செட் பேசும்போது சுமாரா 5, 6 ஆம்ப் இழுக்கும், 50 வாட்னா 10, 12 ஆம்ப் வரைக்கும் போகும். இந்த ஆம்ப் கணக்கை மனசுல வெச்சுக்கோங்க, அடுத்து வயருக்கு வேணும்.

சிகரெட் லைட்டர் சாக்கெட்ல இருந்து கரண்ட் எடுக்காதீங்க. அந்த வயர் மெல்லிசு, கான்டாக்ட் லூஸ், பேச ஆரம்பிச்ச உடனே வோல்டேஜ் இறங்கி செட் ஆஃப் ஆகி ஆன் ஆகும். நேரா பேட்டரில இருந்து 4 ஸ்கொயர் எம்.எம். காப்பர் வயர் இழுங்க. ஏன்னு கணக்கு சொல்றேன்: பேட்டரில இருந்து செட்டுக்கு 3 மீட்டர்னா போக வர 6 மீட்டர் வயர், 10 ஆம்ப் ஓடும்போது 1 ஸ்கொயர் வயர்ல ஒரு வோல்ட்டுக்கு மேலயே காணாம போகும், 4 ஸ்கொயர்ல கால் வோல்ட் கிட்டதான் போகும். 13.8 வோல்ட் எதிர்பார்க்கிற செட்டுக்கு அந்த ஒரு வோல்ட் பெரிய விஷயம்.

வேலை ஆரம்பிக்கும்போது பேட்டரி நெகட்டிவை முதல்ல கழட்டுங்க, முடிச்சிட்டு மாட்டும்போது அதை கடைசியா மாட்டுங்க. பாசிட்டிவ் வயர்ல ஃப்யூஸ் கட்டாயம், அதுவும் பேட்டரிக்கு ஒரு ஜாண் தூரத்துக்குள்ள இருக்கணும், செட் பக்கத்துல போடுற ஃப்யூஸ் செட்டைத்தான் காப்பாத்தும், நடுவுல வயர் தகரத்துல உரசி ஷார்ட் ஆனா வண்டியை காப்பாத்தாது. 25 வாட் செட்டுக்கு 10 ஆம்ப், 50 வாட்டுக்கு 15 ஆம்ப் ஃப்யூஸ் சரியா இருக்கும். புது வண்டிகள்ல நெகட்டிவ் டெர்மினல் மேலயே ஒரு சின்ன சென்சார் இருந்தா செட்டோட நெகட்டிவை அங்க மாட்டாதீங்க, பேட்டரி நெகட்டிவ் வயர் பாடில போல்ட் ஆகுற இடத்துல மாட்டுங்க, இல்லன்னா அந்த சென்சார் கணக்கு தப்பா போகும்.

எஞ்சின் ரூம்ல இருந்து உள்ள வர்றதுக்கு ஏற்கனவே ஒயரிங் போற ரப்பர் வாஷர் ஓட்டை இருக்கும், அதுலயே சேத்து விடுங்க. புது ஓட்டை போட்டா ரப்பர் போடாம வயரை விடவே கூடாது. செட்டை எங்க வைக்கிறதுன்னா, டிரைவர் சீட்டுக்கு கீழயோ சென்டர் கன்சோல் பக்கத்துலயோ, காத்து போற இடமா பாருங்க, சூடு வெளிய போகணும். ஏர்பேக் விரியுற வழியில எதையும் மாட்டாதீங்க. கண்ணாடி ஓர தூண்ல கர்டன் ஏர்பேக் இருக்கிற வண்டினா அந்த வழியா கேபிள் விடாம கதவு பக்கமா கீழ கொண்டு போங்க.

இப்போ ஆன்டெனா, இதுக்கு நேரம் ஒதுக்குங்க. கால் அலை ஆன்டெனா, அதாவது அலை நீளத்துல கால் பங்கு உயரம் உள்ளது, 145 மெகாஹெர்ட்ஸுக்கு சுமாரா 49 சென்டிமீட்டர் வரும். 5/8 அலைன்னு நீளமானது ஒண்ணு இருக்கு, ஒண்ணே கால் மீட்டர் கிட்ட, அது கொஞ்சம் தூரம் அதிகமா எட்டும், ஆனா நம்ம ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை சந்துகள்ல தொங்குற கேபிள் டிவி வயரையும் அபார்ட்மென்ட் பார்க்கிங் சீலிங்கையும் யோசிச்சா கால் அலைதான் நிம்மதி. ஆன்டெனா கூரை நடுவுல உக்காரணும், அந்த தகரம்தான் ஆன்டெனாவோட மறுபாதி, டிக்கி ஓரத்துல மாட்டினா ஒரு பக்கம் சிக்னல் நல்லா போகும், இன்னொரு பக்கம் மந்தமாயிடும். காந்த பேஸ் வாங்கினா ஓட்டை போடாம வைக்கலாம், கூரை இரும்பா இருக்கணும் அவ்வளவுதான். கேபிள், கனெக்டர் எல்லாம் ரிச்சி ஸ்ட்ரீட்ல கிடைக்கும், கையில எடுத்து பாத்து வாங்குங்க, கோ-ஆக்ஸ்ல (செட்டையும் ஆன்டெனாவையும் சேக்குற கேபிள்) உள்ள கம்பி பின்னல் அடர்த்தியா இருக்கணும். கேபிள் பின் கதவு ரப்பர் வழியா உள்ள வரலாம், ஆனா கதவு மூடும்போது நசுங்குற இடமா இருக்கக்கூடாது.

காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர்ல இருக்கிறவங்க கடல் காத்தை சும்மா விட்றாதீங்க. உப்பு காத்துல காப்பர் பச்சை பூத்துடும், காந்தத்துக்கு அடியில ஈரமும் மண்ணும் சேந்து பெயின்ட் உரிஞ்சி துரு பிடிக்கும். வாரத்துக்கு ஒரு தடவை பேஸை தூக்கி (இழுக்காம, சாய்ச்சு தூக்கணும்) ரெண்டு பக்கமும் துடைங்க. வெளிய இருக்கிற கனெக்டர்ல ரப்பர் டேப்பை நல்லா இழுத்து சுத்துங்க, பேட்டரி டெர்மினல்ல கொஞ்சம் வாசலின் தடவுங்க.

மாட்டின உடனே பேச ஆரம்பிக்காதீங்க, எஸ்.டபிள்யூ.ஆர். பாக்கணும், அதாவது ஆன்டெனாவுக்கு போற பவர் அங்க ஏறுதா, செட்டுக்கே திரும்பி வருதான்னு காட்டுற அளவு. மீட்டர் இல்லன்னா லைசன்ஸ் இருக்கிற நண்பர் யார்கிட்டயாவது கேளுங்க, இந்த பொழுதுபோக்குல ஆள் உதவி தாராளமா கிடைக்கும். குறைஞ்ச பவர்ல வெச்சு 144, 145, 146 மூணுலயும் பாருங்க. 1.5க்கு கீழ வந்தா அருமை, 2 வரைக்கும் ஓட்டலாம், 3 தாண்டினா நிறுத்திடுங்க, செட்டோட அவுட்புட் பகுதி சூடாகி போயிடும். 144ல கம்மியா 146ல அதிகமா காட்டினா ஆன்டெனா நீளம் ஜாஸ்தி, ரெண்டு ரெண்டு மில்லிமீட்டரா வெட்டுங்க. மாத்தி காட்டினா நீளம் பத்தலை, அடில இருக்கிற ஸ்க்ரூவை தளர்த்தி கம்பியை கொஞ்சம் மேல இழுங்க.

எஞ்சின் ஓடும்போது விசில் மாதிரி சத்தம் வந்து ஆக்ஸிலேட்டரோட ஏறி இறங்கினா அது ஆல்டர்னேட்டர். நேரா பேட்டரில எடுத்திருந்தா பெரும்பாலும் வராது, வந்தா பவர் வயர்ல ஆல்டர்னேட்டர் சத்தத்தை அடக்குற நாய்ஸ் ஃபில்டர் போடுங்க. மொபைல் சார்ஜரை கழட்டிட்டும் ஒரு தடவை கேட்டுப் பாருங்க, மலிவு சார்ஜர் நிறைய இரைச்சல் குடுக்கும்.

ஒரு விஷயம் கண்டிப்பா சொல்லணும். சில செட்டு 136ல இருந்து 174 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் திறந்தே வரும். அதுக்குள்ள கடல் சேனல்களும் இருக்கு, 156.8 மெகாஹெர்ட்ஸ் கப்பலும் படகும் ஆபத்துல கூப்பிடுற சேனல் 16. ஹார்பருக்கும் மீன்பிடி துறைமுகத்துக்கும் பக்கத்துல இருக்கிற நாம தெரியாம அங்க பட்டனை அமுக்கினா யாரோ உயிருக்கு கூப்பிடுற குரலை அமுக்கிடுவோம். செட் மெனுவுல டிரான்ஸ்மிட்டை 144–146க்குள்ள பூட்டி வெச்சிடுங்க.

அப்புறம், வண்டி ஓட்டிட்டே மைக் எடுக்காதீங்க, எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல கன்டெய்னர் லாரிங்களுக்கு நடுவுல அது வேணவே வேணாம், ஓரம் கட்டிட்டு பேசுங்க. பேட்டரில நேரா மாட்டினதால சாவி எடுத்தாலும் செட் ஓடும், இறங்கும்போது ஆஃப் பண்ணுங்க. புயல் நேரத்துல எஞ்சின் போடாம கேக்குறதுக்கு மட்டும் வெச்சா அரை ஆம்ப் கிட்டதான் இழுக்கும், 35 ஆம்ப்-அவர் பேட்டரில ராத்திரி பூரா கேக்கலாம், பேசுறதை மட்டும் சுருக்குங்க. வோல்டேஜ் 12.2க்கு இறங்கிட்டா எஞ்சினை போடுங்க, ஆனா சைலன்ஸர் தண்ணில முங்கியிருந்தா ஸ்டார்ட் பண்ணவே பண்ணாதீங்க. அதனால மழை எச்சரிக்கை வந்த அன்னிக்கே வண்டியை மேடான தெருவுல கொண்டு போய் நிறுத்திடுங்க.