கேழ்வரகுக்கு ஊடே அவரை: எட்டு வரிசைக்கு ஒரு சால்

வேப்பனப்பள்ளியிலிருந்து குப்பம் எல்லை வரை மானாவாரிக் கேழ்வரகு போடுகிறவர்களுக்குக் களைக்கூலிதான் பெரிய தலைவலி. ஊடே அவரை விட்டால் அது குறையும், காயும் கிடைக்கும். உழவும் தொழுவுரமும் வழக்கம்போலத்தான்.

முதலில் அவரை விதை. ஆறிய அரிசிக் கஞ்சியில் ரைசோபியம் என்ற நுண்ணுயிர் உரத்தைக் கலந்து விதையில் பூசி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி, அன்றே விதைத்துவிடுங்கள். வெயிலில் காயவைத்தால் நுண்ணுயிர் செத்துப்போகும்.

ஆடி மழையில் மண் நன்றாக நனைந்ததும் கேழ்வரகை மணலோடு கலந்து, வரிசையாக விதை இறக்கும் கருவியான கொர்ருவில் விதையுங்கள். நாலு கொழுக் கொர்ரு என்றால் இரண்டு ஓட்டத்தில் எட்டு வரிசை. அப்புறம் ஏரால் ஒரு சால். பின்னாலேயே ஒருவர் அடிக்கு ஒரு விதையாக அவரை போட்டுக்கொண்டு வரட்டும்.

அடுத்ததுதான் பலரும் கோட்டை விடுகிற இடம். அவரை நிழல் களையை அடக்கும் என்பது சரி, ஆனால் கொடி படர ஒரு மாதத்துக்கு மேலாகும். அதுவரை களை காத்திருக்காது. 15 முதல் 20 நாளுக்குள் முதல் களை எடுத்தே ஆக வேண்டும். செடிக்குச் செடி 10 செ.மீ. இருக்கும்படி அப்போதே கலைத்துவிடுங்கள். கேழ்வரகு மாதிரியே முளைக்கும் ஒரு புல் ஏமாற்றும். அதன் அடித்தண்டு வெளிறித் தட்டையாக இருக்கும், தரையோடு படியும். கேழ்வரகு நிமிர்ந்து நிற்கும். வரிசைக்கு வெளியே நிற்பதையெல்லாம் யோசிக்காமல் பிடுங்கலாம். இதற்காகவே நான் கைவிதைப்பைச் சிபாரிசு செய்வதில்லை.

வரிசைகளுக்கு இடையில் கையால் தள்ளும் களைக்கருவியான சைக்கிள் வீடர் போதும். பவர் வீடர் இந்த இடைவெளிக்குள் திரும்பாது. 2,4-டி பக்கமே போகாதீர்கள், அது அகன்ற இலைச் செடிகளைக் கொல்லும் மருந்து, அவரையும் போய்விடும். இரண்டாம் களை 35 நாளுக்குள். மேலுரமாக யூரியா போட்டால் கேழ்வரகு வரிசைக்கு மட்டும். அவரை சேர்க்கும் தழைச்சத்து இந்தக் கேழ்வரகுக்குப் பெரிதாக வந்துசேராது, உதிர்ந்த இலையும் வேரும் மக்கிய பிறகு அடுத்த பயிருக்குத்தான்.

கார்த்திகையில் கேழ்வரகை அறுக்கும்போது அவரைக் கொடியில் அரிவாள் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நாட்டு அவரை பனிக்காலத்தில்தான் பூக்கும்.

துவரை போடலாமா என்று சிலர் கேட்டார்கள். தாராளமாகப் போடலாம், எட்டுக்கு இரண்டு வரிசை. ஆனால் கேழ்வரகு அறுத்ததும் ஊர் மாடுகள் காட்டில் இறங்கிவிடும், துவரையோ தை வரை நிற்கும். வேலி இல்லையென்றால் பக்கத்துக் காட்டுக்காரர்களும் துவரை போடுகிறார்களா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.